பத்தாவது மனிதர்: யூத முதியோர் இல்லங்களில் ஆன்மிகப் பராமரிப்பு

முதியோரைச் சந்தித்தல் திருப்பணியாளரின் கடமைகளுள் ஒன்று என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அச்சந்திப்பினால் அவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்னும் வினாவை அரிதாகவே எழுப்புகிறோம். ஒரு சங்கீதம் வாசித்து, சுருக்கமாக மன்றாடி, திருவிருந்து வழங்கிவிட்டு அடுத்த வீட்டிற்குப் புறப்படுகிறோம். அவ்வினாவை என்னுள் எழுப்பியது வட அமெரிக்க நகரமொன்றிலிருந்த யூத முதியோர் இல்லம். இத்தகைய இல்லங்களில் பணிபுரியும் ரபிமார் முதுமையை எங்ஙனம் நோக்குகின்றனர், அந்நோக்கு அவர்தம் அன்றாடப் பணியில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், மேற்படிப்பின் ஒரு பகுதியாக நான் ஆற்றுப்படுத்தல் பயிற்சி பெற்றுவந்தேன். வாரத்தில் ஒருநாள் அவ்வில்லத்திற்கு அனுப்பப்பட்டேன். மூன்றாம் மாடியில் இதயநோயினால் தளர்ந்திருந்த முதிய தையற்காரர் ஒருவர் இருந்தார். "ஐயா, நீங்கள் உழைத்தது போதும். இனி நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. இறைவனுடைய அன்பில் இளைப்பாறுங்கள்" என்று அவருக்கு ஆறுதல் கூறினேன். அவர் மறுமொழி கூறவில்லை; முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை கீழ்த்தளத்திலிருந்த சிற்றாலயத்தில் மாலை மன்றாட்டிற்காக முதியோர் கூடினர். அவர்களுள் ஒருவர் அண்மையில் தம் தமையனை இழந்தவர். இறந்தோரை நினைத்து இறைவனைப் போற்றும் 'கதீஷ்' என்னும் மன்றாட்டை அவர் சொல்லவேண்டும். யூத மரபின்படி அதனைச் சபை நடுவிலேயே சொல்லலாம். சபை என்பதற்குக் குறைந்தது பத்துப்பேர் வேண்டும். இதனை 'மின்யான்' என்பர். ஆண்களை மட்டுமே எண்ணும் பழைய முறை அவ்வில்லத்தில் இருந்தது. ஒன்பது பேர் வந்திருந்தனர். ஒருவர் என்னை நோக்கி, "நீர் யூதரோ?" என்று வினவினார். "இல்லை, கிறிஸ்தவன்" என்றேன். அவர் புன்னகைத்து, அமர்வதற்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். பணிப்பெண் ஒருவர் மாடிக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பினார். சற்றுநேரத்தில் மின்தூக்கியின் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில், மூக்கில் உயிர்வளிக் குழாயுடன், அந்தத் தையற்காரர் வந்தார். "பத்து" என்றார் ஒருவர். மன்றாட்டுத் தொடங்கியது. கதீஷ் சொல்லப்பட்டபோது அவருடைய 'ஆமென்' மற்றெல்லாருடைய குரலினும் உரத்து ஒலித்தது.

எனக்குப் பயிற்சியளித்த ரபியிடம் நிகழ்ந்ததைக் கூறினேன். "நீர் அவருக்கு ஓய்வு அளிப்பதாக எண்ணினீர். அவரோ தாம் பணிநீக்கம் செய்யப்பட்டதாக உணர்ந்தார்" என்றார் அவர்.

1. இல்லங்கள் தோன்றிய காரணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வறுமைக்கும் வன்முறைக்கும் தப்பிய யூதர் இலட்சக்கணக்கில் வட அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் ஆதரவற்ற முதியோருக்குப் பொது ஏழையர் விடுதிகளே புகலிடமாயின. அங்கே அவர்களுடைய யித்திஷ் மொழியைப் பேசுவார் இல்லை; திருச்சட்டத்திற்கு உகந்த உணவு இல்லை; ஓய்வுநாள் ஆசரிப்பும் இல்லை. விலக்கப்பட்டதை உண்பதா, பசித்திருப்பதா என்னும் நெருக்கடி வாழ்நாளின் இறுதியில் அவர்களுக்கு நேர்ந்தது. இக்குறையைப் போக்க யூத சமூகத்தின் சங்கங்கள் முன்வந்தன. பாஸ்டனில் 1903இலும், நியூயார்க்கில் 1917இலும், கனடாவின் டொரண்டோ நகரில் 1918இலும் தோன்றிய இல்லங்கள் இன்று பெரிய நிறுவனங்களாக வளர்ந்துள்ளன. டொரண்டோவில் தோன்றியதே இன்று 'பேக்ரெஸ்ட்' என்று வழங்கப்படும் நிறுவனம்.

ஆகவே, இவ்வில்லங்களில் ஆன்மிகப் பராமரிப்பு சமையலறையிலிருந்தே தொடங்கியது எனலாம். இறைச்சிக்கும் பாலுணவிற்கும் தனித்தனிக் கலங்கள், அறைதோறும் கதவுநிலையில் பொருத்தப்பட்ட திருமொழிச் சுருள், வெள்ளிக்கிழமை மாலையில் ஏற்றப்படும் ஓய்வுநாள் விளக்குகள், பஸ்கா இரவின் பந்தி ஆகிய யாவும் "நீர் இன்னும் உம் மக்கள் நடுவிலேயே வாழ்கிறீர்" என்று முதியவருக்குச் சொல்லாமற் சொல்லுகின்றன. தீ விபத்திற்கு அஞ்சிப் பல இல்லங்களில் மெழுகுவர்த்திக்கு மாற்றாக மின்விளக்குகளை வைக்கின்றனர். விளக்கின் தன்மை மாறினும் ஏற்றுகின்ற கை அந்தப் பாட்டியுடையதாகவே இருக்கவேண்டும் என்பதில் அவர்கள் கருத்தாயிருக்கின்றனர்.

அங்கு வாழ்வோர் யாவரும் ஒரே தன்மையர் என்று எண்ணிவிடலாகாது. மரபை நுணுக்கமாகக் கடைப்பிடிப்போரும், ஆண்டிற்கொருமுறை மட்டும் ஆலயம் செல்வோரும், இறைநம்பிக்கையை முற்றும் துறந்தோரும் ஒரே உணவறையில் அமர்கின்றனர். சோவியத் நாட்டில் சமயக் கல்வியின்றி வளர்ந்து, முதுமையில் முதன்முறையாகப் பஸ்காப் பந்தியில் அமர்ந்தோரும் உளர். நம்பிக்கையில்லை என்பவரும், "நான் யூதன்" என்பதில் ஐயம் கொள்வதில்லை. அவரையும் ரபி சந்திக்கிறார். இறைவனைப் பற்றிப் பேசுதல் மட்டுமே ஆன்மிகப் பராமரிப்பு என்று கருதுவோர் அச்சந்திப்பின் பொருளை உணர்தல் அரிது.

2. பெற்றோரை இல்லத்தில் சேர்த்தல்

பெற்றோரைக் கனம்பண்ணுமாறு கற்பிக்கும் மக்கள் அவர்களை இல்லங்களில் சேர்க்கலாமோ என்று நம்மவர் வினவுவர். யூத அறிஞரும் இதனை வினவியுள்ளனர். பெற்றோரைக் கனம்பண்ணுதல் என்பது அவர்களுக்கு உணவும் நீரும் அளித்தல், உடுத்துவித்தல், வெளியே செல்லவும் உள்ளே வரவும் துணைநிற்றல் என்று தல்மூது வரையறை செய்கிறது. ஆயினும் கொழுத்த பறவையைத் தந்தைக்கு உண்ணக் கொடுத்தும் தண்டனைக்கு உள்ளாகும் மகனும் உண்டு, தந்தையை எந்திரக்கல் அரைக்கச் சொல்லியும் பேரின்பம் அடையும் மகனும் உண்டு என்று அதே நூல் கூறுகிறது. கொடுக்கும் பொருளினும் கொடுக்கும் மனப்பாங்கே அங்கு அளவுகோலாகிறது.

மனநிலை பிறழ்ந்த பெற்றோரைக் குறித்து 12ஆம் நூற்றாண்டில் மைமோனிதஸ் என்னும் பேரறிஞர் தீர்ப்பு ஒன்று வழங்கினார். மகன் அவர்களுடைய நிலைக்கேற்ப நடந்துகொள்ள முயலவேண்டும். துன்பம் தாங்கும் எல்லையைக் கடந்துவிடின், அவர்களைத் தக்கபடி பேணுமாறு வேறொருவரைப் பணித்துவிட்டுத் தான் விலகலாம் என்பது அத்தீர்ப்பு. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த ஆபிரகாம் பென் தாவீது இதனை மறுத்தார். மகனே விலகிச்சென்றால் காப்பதற்கு வேறு எவரைப் பணிப்பது என்பது அவருடைய கேள்வி. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விரு குரல்களும் ஓயவில்லை. தாயை இல்லத்தில் சேர்த்துவிட்டுக் கண்ணீருடன் வாயிலில் நிற்கும் மகளுக்கு மைமோனிதஸின் தீர்ப்பு ஆறுதலாகிறது. இல்லத்தில் சேர்த்துவிட்டு மறந்துபோகும் மகனுக்கு ஆபிரகாமின் கேள்வி எச்சரிக்கையாகிறது. இவ்விரண்டையும் அறிந்து, ஆளுக்கேற்பக் கூறுதல் ரபியின் பொறுப்பாகும்.

3. கட்டளையும் கண்ணியமும்

இனி, நம் கருத்தின் மையத்திற்கு வருவோம். இறைவனின் கட்டளையை யூதர் 'மித்ஸ்வா' என்பர். பிலடெல்பியா நகர முதியோர் மருத்துவ நிலையத்தில் சமயப் பணியை நடத்திய ரபி டேல் பிரீட்மன் அம்மையார், இதனையே முதியோர் பராமரிப்பின் அடிப்படையாகக் கொண்டு எழுதியுள்ளார். முதுமை ஒருவரைக் கட்டளையிலிருந்து விடுவிப்பதில்லை. எனவே அவரிடம் இறைவனும் சமூகமும் இன்னும் எதையோ எதிர்பார்க்கின்றனர். எதிர்பார்க்கப்படுகிறவர் மதிப்பிழப்பதில்லை என்பது அவர் கருத்து. ஆனால் கட்டளை அவரவர் ஆற்றலுக்கு ஏற்பத் தளர்த்தப்படும். நிற்க இயலாதவர் அமர்ந்து மன்றாடலாம். உரக்கச் சொல்ல இயலாதவர் உள்ளத்தில் நினைக்கலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பாவநிவாரண நாளாகும். அன்று உண்ணாநோன்பு கடமை. எனினும் நோன்பினால் உயிருக்கு ஆபத்து நேருமெனில் உண்பதே கடமையாகிறது. நீரிழிவு நோயினால் வருந்தும் முதியவர் ஒருவர், அறுபது ஆண்டுகளாகக் காத்த நோன்பை முறிக்க மறுக்கிறார் என்று கொள்வோம். "பரவாயில்லை, உண்ணுங்கள், இறைவன் மன்னிப்பார்" என்று ரபி கூறுவதில்லை. "இன்று உண்பதே உமக்குரிய கட்டளை" என்கிறார். முன்னது அவரைத் தோற்றவராக்குகிறது, பின்னது கீழ்ப்படிகிறவராக்குகிறது.

இங்கே நம் மாணவர் ஒரு தடையை எழுப்பக்கூடும்: இது செயல்களினால் நீதிமான் ஆக்கப்படுதல் ஆகாதோ? யாத்திராகமத்தின் ஒழுங்கை நோக்குக. மக்கள் முதலில் விடுவிக்கப்பட்டனர்; அதன் பின்னரே சீனாய் மலையில் கட்டளை வழங்கப்பட்டது. அடிமைக்குக் கட்டளையிட்டவன் பார்வோன். விடுதலை பெற்றவருக்குக் கட்டளை அளித்தவர் ஆண்டவர். சீர்திருத்த மரபில் கால்வின், திருச்சட்டத்தின் முதன்மையான பயன் நம்பிக்கையாளரை வழிநடத்துவதே என்று கற்பித்ததை நாம் அறிவோம். அருள் ஒருவரைச் செயலற்றவராக்குவதில்லை, அவரை அழைக்கிறது. நான் தையற்காரரிடம் கூறியது அருளின் பாதி மட்டுமே.

இம்முறையிலும் குறை உண்டு என்பதை நேர்மையாகக் கூறவேண்டும். இவ்வில்லங்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களை மட்டுமே எண்ணும் ஆலயத்தில் அவர்கள் பலராயிருந்தும் எண்ணப்படாதவராகவே இருந்தனர். யூதரில் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழு, பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்று 1973இல் இடமளித்தது. ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் இதனை ஏற்பதில்லை. 2020இல் கொரோனா நோய் பரவி இல்லங்களின் கதவுகள் அடைக்கப்பட்டபோது, திரையின் வழியே இணைவோரைப் பத்துப்பேராக எண்ணலாமா என்னும் வினாவும் எழுந்தது. யார் எண்ணப்படுகிறார் என்பது வெறும் சடங்கு நுணுக்கமன்று. யாரைச் சபை தன் உறுப்பாகக் காண்கிறது என்பதே அங்கு வினா.

4. சந்திப்பின் முறைமை

நோயுற்றோரைச் சந்தித்தலை யூதர் 'பிக்கூர் ஹோலிம்' என்பர். மம்ரேயின் தோப்பில் ஆபிரகாமுக்கு ஆண்டவர் தரிசனமானதை, விருத்தசேதனத்தின் பின் நோயுற்றிருந்தவரை இறைவனே சந்திக்கச் சென்றதாக ரபிமார் விளக்கினர். ஆகவே நோயாளியைச் சந்திப்பவர் இறைவனுடைய செயலைப் பின்பற்றுகிறவராவார். சந்திக்கச் செல்பவர் நோயின் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்று தல்மூது கூறுகிறது. எஞ்சியது நோயாளியிடமே இருக்கும். முழுவதையும் நீக்கிவிடுவதாக எவரும் எண்ணிச் செல்லவேண்டா. அந்த ஒரு பங்கு சிறியதெனினும் உண்மையானது.

நோயாளியின் தலைப்புறத்தில் இறைப்பிரசன்னம் தங்கியிருக்கிறது என்பதும் அவர்தம் நம்பிக்கை. எனவே சந்திப்பவர் கட்டிலின்மேல் அமராமல், அடக்கத்துடன் நோயாளியின் எதிரே அமரவேண்டும் என்றனர். இறைவனை அவ்வறைக்குள் கொண்டுசெல்பவர் நாம் அல்லர். நமக்கு முன்னரே அவர் அங்கு இருக்கிறார்.

தல்மூதின் பெராகோத் பகுதியில் வரும் நிகழ்ச்சியொன்றை இல்லங்களில் பணிபுரியும் ரபிமார் அடிக்கடி எடுத்துரைப்பர். ரபி யோகனான் தம் நண்பர் எலெயாசாரைக் காணச் செல்கிறார். அறை இருளாயிருக்கிறது, நோயாளி அழுதுகொண்டிருக்கிறார். திருச்சட்டத்தைப் போதிய அளவு கற்கவில்லை என்றா, செல்வம் இல்லை என்றா, பிள்ளைகள் இல்லை என்றா அழுகிறீர் என்று யோகனான் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றிற்கும் ஆறுதல் கூறுகிறார். இவற்றில் எதுவும் காரணமன்று. அழகான யாவும் ஒருநாள் மண்ணில் மக்கிப்போகுமே என்பதற்காகவே அழுகிறேன் என்கிறார் எலெயாசார். அதற்கு யோகனானிடம் மறுமொழி இல்லை. அதற்காக அழுவது தகும் என்று சொல்லி, அவரும் உடன் அழுகிறார். அதன் பின்னரே, இத்துன்பத்தை விரும்புகிறீரோ என்று வினவி, விருப்பமில்லை என்று கேட்டறிந்து, கைநீட்டி அவரை எழுப்புகிறார். அதே பகுதியில், பிறரை எழுப்பிய யோகனான் தாமும் நோயுற்றபோது தம்மைத் தாமே எழுப்ப இயலவில்லை. சிறையிலிருப்பவன் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள இயலாது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

இதில் மூன்று படிகள் உள்ளன. நாமே ஊகித்த ஆறுதல்கள் முதலில் தோற்கின்றன. அடுத்து, முதியவரின் உண்மையான துயரம் வெளிப்படுகிறது. இறுதியில், துன்பத்திற்கு விளக்கம் தராமல் கை நீட்டப்படுகிறது. நம் சந்திப்புகளில் பெரும்பாலானவை முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

மரணத் தறுவாயில் பாவ அறிக்கை செய்விக்கும்போதும் யூத மரபு மிகுந்த நுட்பத்துடன் நடந்துகொள்கிறது. அறிக்கை செய்தோர் பலர் பிழைத்து வாழ்ந்துள்ளனர் என்று நோயாளியிடம் முதலில் கூறவேண்டும். அழுது அவருடைய உள்ளத்தைக் கலங்கச் செய்வோர் அருகில் இருத்தலாகாது என்பது விதி. நம் ஊர்களில், "ஐயரை அழைத்துவிட்டார்களே, அப்படியானால் முடிவுதானா?" என்று நோயாளி நடுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். திருவிருந்தைச் சாவின் அறிவிப்பாக்கிவிட்ட பழி நம்மையும் சாரும்.

5. உடைந்த கற்பலகைகள்

எதிர்பார்க்கப்படுகிறவரே மதிப்புடையவர் எனின், எதையும் செய்ய இயலாதவர், தம் பெயரையே மறந்தவர் நிலை யாது? இவ்வினாவிற்கு விடையில்லையேல் மேற்கூறிய கருத்து முழுவதும் கொடியதாகிவிடும்.

சீனாய் மலையடியில் மோசே உடைத்த முதற் கற்பலகைகள் என்னவாயின? தல்மூதின் விடை வியப்புக்குரியது. உடைந்த துண்டுகளும், இரண்டாம் முறை எழுதப்பட்ட முழுப் பலகைகளும் ஒரே உடன்படிக்கைப் பெட்டியில் வைக்கப்பட்டன என்பது அது. ஆகையால், தன் குற்றமின்றிக் கற்றதை மறந்துபோன முதியவரை மதிப்புடன் நடத்துமாறு ரபி யோசுவா பென் லேவி தம் பிள்ளைகளுக்கு அறிவுறுத்தினார். முழுப் பலகை எந்தப் பெட்டியில் பயணம் செய்கிறதோ, அதே பெட்டியில் உடைந்ததும் பயணம் செய்கிறது. அதைச் சுமப்பது மக்களின் கடமை. முதியவரால் கட்டளையைச் சுமக்க இயலாதபோது, மக்கள் அவரைச் சுமக்கின்றனர்.

நினைவிழந்தோர் பகுதியில் இது கண்கூடாக விளங்குகிறது. தம் மகளை அடையாளம் காணாத மூதாட்டி, ஓய்வுநாள் விளக்கைக் கண்டவுடன் கைகளைச் சுடரின்மேல் வட்டமாகச் சுழற்றிக் கண்களை மூடிக்கொள்வார். பேச்சிழந்தவர் இளமையில் கற்ற இராகத்தை முணுமுணுப்பார். மனத்தின் மேற்பரப்பு அழிந்தபின்னும் கைகளிலும் நாவிலும் வழிபாடு எஞ்சி நிற்கிறது. ஆதலின் அங்கு அருளுரை குறுகுகிறது; பாடலும் தொடுதலும் பழகிய பொருள்களும் இடம் பெறுகின்றன.

6. ஆறாத நினைவுகள்

நினைவை இழத்தல் ஒரு துயரம். நினைவு திரும்பி வருதல் மற்றொரு துயரம். நாசிக் கொலைக்களங்களிலிருந்து தப்பியோர் பலர் இவ்வில்லங்களில் தம் இறுதி நாட்களைக் கழித்தனர், கழித்தும் வருகின்றனர். 2024 சனவரியில் வெளியான கணக்கின்படி, உலகெங்கும் ஏறத்தாழ 2,45,000 பேர் உயிருடன் இருந்தனர்; அவர்களில் பாதிப்பேர் இஸ்ரயேல் நாட்டில் வாழ்ந்தனர். பெரும்பாலோர் அக்கொடுமையின்போது சிறுவராயிருந்தவர்கள்.

அண்மைக்கால நினைவு மங்கும்போது பழைய நினைவு முன்வருகிறது. நீர்த்தூவலின் கீழ் குளிக்கச் சொன்னால் ஒருவர் அலறுகிறார். மற்றொருவர் தலையணையின் அடியில் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைக்கிறார். இரவில் கைவிளக்கின் ஒளி முகத்தில் பட்டால், வரிசையில் நிற்கச் சொன்னால், நாய் குரைத்தால், அவர்களுக்கு முகாம் மீண்டும் திரும்பிவிடுகிறது. வெளியார்க்கு இது முரட்டுத்தனமாகத் தோன்றும். காரணம் அறிந்த பணியாளர் ரொட்டியைப் பறிப்பதில்லை. நாளைக்கும் ரொட்டி உண்டு என்று காட்டும்படி புதிய துண்டு ஒன்றை அருகில் வைக்கிறார். அச்செயலை நான் ஆன்மிகப் பராமரிப்பு என்றே அழைப்பேன்.

இவர்களுள் பலருக்குப் பெற்றோரின் கல்லறை இல்லை. இறந்த நாளும் தெரியாது. ஆண்டு நினைவு நாளில் கதீஷ் சொல்ல வேண்டியவர் எந்நாளில் சொல்வது? இஸ்ரயேலின் தலைமை ரபிமன்றம், தேபேத் மாதம் பத்தாம் நாளை இத்தகையோருக்கான பொது நாளாகக் குறித்தது. நாள் அறியாத இறப்பிற்கும் ஒரு நாளை அளித்தது பெரும் இரக்கச் செயலாகும். மற்றும் சிலர், "அங்கே வராத கடவுளிடம் இனிப் பேசமாட்டேன்" என்பர். அறிவுள்ள ரபி அவர்களுடன் வாதிட்டுக் கடவுளைக் காக்க முற்படுவதில்லை. யோபுவின் நண்பர்கள் அப்பணியைச் செய்து கடிந்துகொள்ளப்பட்டதை அவர் அறிவார்.

7. கிறிஸ்தவர் அங்குச் செல்லும்போது

இவ்வில்லங்களில் தாதியராகவும் உதவியாளராகவும் பணிபுரியும் கிறிஸ்தவர் பலர். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலிருந்து இஸ்ரயேலுக்குச் சென்று முதியோரைப் பேணுவோரும் உளர். ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

அங்குச் செல்லும் கிறிஸ்தவர் தம்முடன் ஒரு வரலாற்றையும் கொண்டுசெல்கிறார் என்பதை மறத்தல் ஆகாது. 1543இல் லூத்தர் யூதரைக் குறித்து எழுதிய கொடுஞ்சொற்களை நாசிகள் தமக்குத் துணையாக்கிக் கொண்டனர். அமெரிக்க லூத்தரன் திருச்சபை 1994இல் அச்சொற்களை வெளிப்படையாக மறுத்து வருத்தம் தெரிவித்தது. தரங்கம்பாடி மரபில் வந்த நாமும் இதனை அறிந்திருத்தல் நன்று. இளமையில் சிலுவையை அச்சத்துடன் கண்ட மூதாட்டியின் படுக்கையருகில், நாம் அணிந்துள்ள சிலுவை என்ன பேசுகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தளர்ந்து, பிறர் கையை நம்பிக் கிடப்பவரிடம் மதமாற்றத்தை நாடுதல் சான்றாகாது. அவருடைய இயலாமையைப் பயன்படுத்துதலேயாகும். அவருடைய சங்கீதத்தை அவருடைய மொழியில், அவருடைய முறைப்படி சொல்ல உதவுவதே அங்கு நம் ஊழியம். இயேசு பெருமானும் அச்சங்கீதங்களையே சொல்லி வளர்ந்தார்.

8. நம் திருச்சபைகளுக்கு

1961 சனவரியில், முதுமை பற்றி அமெரிக்க அரசு வாஷிங்டனில் கூட்டிய மாநாட்டில் யூத இறையியலறிஞர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் உரையாற்றினார். முதுமையைத் தேக்கமாகக் கருதாமல் உள்ளம் வளர்வதற்கான காலமாகக் கருதவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முதியோருக்குப் பொழுதுபோக்கு மட்டும் அளித்துவிட்டு, அவர்கள் யாருக்கும் தேவையில்லை என்னும் உணர்வைப் போக்காதிருத்தல் போதாது என்பதே அவருடைய கவலை.

நம் சபைகளில் முதியோர் பெயர்கள் எந்தப் பட்டியலில் உள்ளன? பெரும்பாலும் நோயாளிகளின் பட்டியலில். ஊழியம் செய்வோரின் பட்டியலில் அவர்கள் இல்லை. இதனை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திடப்படுத்தல் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் படுக்கையிலிருக்கும் தாத்தாவிடம் கொடுத்து, நாள்தோறும் குறித்த வேளையில் அவர்களுக்காக மன்றாடுமாறு கேட்கலாம். அப்பிள்ளைகளை அழைத்துச்சென்று அவர் கையால் ஆசி பெறச்செய்யலாம். நடக்க இயலாத பாட்டியிடம், "உங்களுக்கு எதற்கம்மா இந்தச் சிரமம்" என்று சொல்லிப் பிடியரிசிக் காணிக்கையை விட்டுவிடாமல், அவருடைய கையால் ஒருபிடி எடுத்து வைக்கச்செய்து பெற்றுவரலாம். சங்கக் கூட்டத்திற்கு வர இயலாத மூத்தோரிடம் ஆலோசனை கேட்டறிந்து, அவர் பெயரால் கூட்டத்தில் அறிவிக்கலாம். கேட்பதற்கு நாம் கூசுகிறோம். கேட்கப்படாதிருப்பது அவர்களுக்கு எவ்வளவு வேதனை என்பதை அறியாமலேயே கூசுகிறோம்.

அடுத்த வாரம் நான் மீண்டும் மூன்றாம் மாடிக்குச் சென்றேன். ஆறுதல் மொழி எதனையும் கூறவில்லை. என் எபிரேயத் திருமறையைத் திறந்து, "ஐயா, நான் இதனைக் கல்லூரியில் கற்றேன். பிழையின்றி வாசிக்கிறேனா என்று கேட்டுத் திருத்துவீர்களா?" என்று வேண்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டார். முதல் வசனத்திலேயே என்னை மும்முறை நிறுத்தினார். ஒரு மணிநேரம் சென்றபின், "அடுத்த வாரம் தயாரித்துக்கொண்டு வாரும்" என்றார்.

அவரைப் பேணுவதற்காக நான் அனுப்பப்பட்டிருந்தேன். அன்று முதல் அவர் என் ஆசிரியரானார். அதன் பின்னர் ஒருமுறையேனும் அவர் தம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.